கனவில் அமைந்த இரட்டை உலகம்

கதை எழுதுபவன் தன் உலகிற்குத் தானே பிரமன் என்று சொல்வதுண்டு. அவன் நினைத்த இடத்தில் மலை எழும். நினைத்த நாழிகையில் நிலவு உதிக்கும். இக்கூற்றை நானும் நெடுங்காலம் ஏற்றிருந்தேன். அதனை மீண்டும் எண்ணிப் பார்க்கும்படி செய்தது என் மாணவன் ஒருவன் எழுதிய கதை.

நம் பூமியை ஒத்த இரண்டு கோள்கள் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. ஒன்றின் வானத்திலே மற்றது, நமக்குத் தோன்றும் சந்திரனிலும் பதினைந்து மடங்கு அகன்ற தட்டாகத் தெரிகிறது. மாலைதோறும் அது கீழ்வானில் எழுகிறது. விடியலில் மேல்வானில் மறைகிறது. பிரிந்துபோன இருவர், ஆளுக்கொரு கோளில் இருந்துகொண்டு, அந்த எழுச்சிக்காகக் காத்திருக்கின்றனர். இவ்வளவே கதை. நடை தெளிவாக இருந்தது, உணர்ச்சியிற் பொய்யில்லை. நிறைந்த புள்ளிகளை வழங்கிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சில வாரங்களின் பின், யோகான்னஸ் கெப்ளரின் வாழ்க்கையை மறுபடியும் படிக்க நேர்ந்தபோதுதான், ஆராய வேண்டியதை ஆராயாமலே அப்புள்ளிகளை வழங்கினேன் என்பது எனக்கு உறைத்தது.

கெப்ளரைக் கோள்களின் இயக்கம் பற்றிய மூன்று விதிகளின் ஆசிரியராக நாம் அறிவோம். அவர் ஒரு கதையும் எழுதினார் என்பதைப் பலர் அறியார். இலத்தீன் மொழியில் அமைந்த அந்நூலின் பெயர் சோம்னியம். கனவு என்பது அதன் பொருள். துணையாக நிற்கும் இரண்டு உலகங்களுள் ஒன்றில் இருந்து பார்த்தால் மற்றது எவ்வாறு தோன்றும், அங்கே பகல் எவ்வளவு, இரவு எவ்வளவு, உயிர்கள் எவ்வகையின என்பவற்றையெல்லாம் கணிதத்தின் வழிநின்று கற்பனை செய்த முன்னோடி நூல் அது. அந்நூலின் கதையும் அவர் வாழ்வின் கதையும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடக்கின்றன.

ஜேர்மனியின் தென்பகுதியில் வைல் டெர் ஸ்டாட் என்னும் சிறு நகரில், 1571ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆந் திகதி, நிறைமாதத்திற்கு முன்னரே பிறந்த மெலிந்த குழந்தை கெப்ளர். தந்தையார் கூலிக்குப் போர்புரியும் படைவீரர். வீட்டில் தங்கிய காலம் குறைவு. இறுதியிற் சென்றவர் திரும்பவேயில்லை. அன்னையார் கத்தரீனா ஒரு விடுதிக்காரரின் மகள். கூர்மையான நாவும் அமைதியற்ற மனமும் உடையவர். நாட்டு மூலிகைகளின் குணம் அறிந்தவர். இளமையிற் கண்ட பெரியம்மை சிறுவனின் கண்பார்வையை மங்கச் செய்தது. கைகளையும் ஓரளவு முடக்கியது. வானத்தை வாழ்நாள் முழுதும் ஆராயப் பிறந்தவருக்கு வானத்தைத் தெளிவாகக் காணும் கண்கள் வாய்க்கவில்லை. ஆயினும், 1577இற் பெரிய வால்வெள்ளி தோன்றியபோது, ஆறு வயது நிரம்பாத மகனை உயர்ந்த இடமொன்றுக்கு அழைத்துச்சென்று அதனைக் காட்டியவர் அந்த அன்னையாரே. வானத்தை முதன்முதற் காட்டிய கை அது என்பதை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1589இல் தூபிங்கன் பல்கலைக்கழகத்திற் சமயக் கல்வி கற்கச் சேர்ந்தார். அங்கே கணிதம் கற்பித்த மிக்கேல் மேஸ்ற்லின் என்பார், பூமியே சூரியனைச் சுற்றுகிறது என்னும் கொப்பர்னிக்கஸின் கொள்கையை அவருக்கு அறிமுகஞ் செய்தார். பூமி சுழல்வதாயின் நாம் ஏன் அதனை உணர்வதில்லை என்பது அக்காலத்தார் எழுப்பிய பெருந்தடை. இதற்கு விடைகூற 1593இல் மாணவராகிய கெப்ளர் ஒரு புதுவழி கண்டார். சந்திரனில் ஒருவன் நிற்பதாகக் கொள்வோம். அவனும் தன் நிலம் அசையாது நிற்பதாகவே எண்ணுவான். சூரியனும் விண்மீன்களும் தன்னைச் சுற்றுவதாகவே காண்பான். அவன் தவறு நமக்குத் தெரிகிறது. அவ்வாறாயின் நம் தவறு ஏன் நமக்குத் தெரியவில்லை? இவ்வாறு அமைந்தது அவருடைய ஆய்வுரை. புதிய கொள்கைக்குப் பகைவரான பேராசிரியர் ஒருவர் அதனை வாதத்துக்கு எடுக்க இடமளிக்கவில்லை. கட்டுரை மடிக்கப்பட்டுப் பெட்டியினுள் உறங்கியது.

அதன்பின் வந்த ஆண்டுகள் அலைச்சல் நிறைந்தவை. 1594இற் கிராற்ஸ் நகரிற் கணித ஆசிரியரானார். லூதரின் சமயநெறியினர் என்பதற்காக 1600இல் அங்கிருந்து துரத்தப்பட்டார். பிராக் நகருக்குச் சென்று, வானத்தை அளப்பதில் அக்காலத்தில் நிகரற்றவராயிருந்த டைக்கோ பிராகேயின் துணைவரானார். அடுத்த ஆண்டே டைக்கோ மறைந்தார். அவருடைய அளவீடுகளும், பேரரசர் இரண்டாம் ருடோல்பின் கணிதர் என்னும் பதவியும் கெப்ளரை வந்தடைந்தன. செவ்வாய்க் கோளின் பாதையோடு ஆண்டுக்கணக்கிற் போராடி, அது வட்டமன்று, நீள்வளையமே என்று கண்டார். அந்நூல் 1609இல் வெளியாயிற்று.

அந்நூலின் முன்னுரையிலே நம் பொருளுக்கு இன்றியமையாத ஒரு செய்தி உண்டு. பூமியையும் சந்திரனையும் அவற்றின் பாதைகளில் நிறுத்திவைக்கும் வலு நீங்குமாயின் என்ன நிகழும் என்று கெப்ளர் வினவினார். சந்திரன் மாத்திரம் பூமியில் விழும் என்று அவர் கூறவில்லை. இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகரும். இரண்டும் ஒரே அடர்த்தியுடையனவாயின், இடைத்தூரத்தை 54 பங்காக்கியதில் ஒரு பங்கு பூமி ஏறும், எஞ்சிய 53 பங்கு சந்திரன் இறங்கும் என்று கணக்கிட்டார். நியூட்டன் பிறப்பதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட வரிகள் இவை. ஈர்ப்பு ஒருவழிப் பாதையன்று என்பதும், பெரியதும் சிறியதனை நாடி அசையும் என்பதும் இங்கே விதையாகக் கிடக்கின்றன. கடலின் வற்றுப்பெருக்கு சந்திரனின் இழுப்பால் நேர்வது என்பதையும் அதே முன்னுரையில் அவர் வற்புறுத்தினார்.

இன்று நாம் அறியும் அளவின்படி பூமியின் திணிவு சந்திரனின் திணிவைப்போல் 81 மடங்கு. இரண்டும் சுற்றும் பொதுமையம் பூமியின் நடுவிலிருந்து ஏறக்குறைய 4,670 கிலோமீற்றர் தொலைவில், பூமியின் உள்ளேயே கிடக்கிறது. ஏனெனிற் பூமியின் ஆரை 6,371 கிலோமீற்றர். பொதுமையம் இரண்டுக்கும் வெளியே விழுந்தாலே அவற்றை இரட்டைக் கோள் எனலாம் என்று கொள்வார் உளர். அவ்விலக்கணத்துக்குப் பூமியும் சந்திரனும் சற்றே குறைந்தவை. கெப்ளரின் 54ஐக் கொண்டு கணித்துப் பார்த்தேன். அந்தப் புள்ளி பூமியின் பரப்புக்குச் சிறிது வெளியே விழுகிறது. அவர் மனத்திலிருந்த சோடி, தாமே அறியாமல், இரட்டைக் கோளாகவே இருந்தது என்பதில் எனக்கொரு மகிழ்ச்சி.

1609இலேயே பழைய மாணவக் கட்டுரையை எடுத்து அதற்குக் கதையுருக் கொடுத்தார். கதை இது. நூலாசிரியர் உறங்குகிறார், கனவில் ஒரு நூலைப் படிக்கிறார். அந்நூலைச் சொல்பவன் ஐஸ்லாந்தில் வாழ்ந்த டுராக்கோட்டஸ் என்னும் இளைஞன். அவன் தாய் பியோல்க்ஷில்டா மூலிகைகளைப் பறித்துப் பைகளில் இட்டு, மாலுமிகளுக்கு விற்பவள். மகன் விளையாட்டாக ஒரு பையைக் கிழித்துவிட, சினந்த தாய் அவனைக் கப்பல் தலைவனுக்கே கொடுத்துவிடுகிறாள். அவன் டைக்கோ பிராகேயின் தீவை அடைந்து வானியல் கற்று, ஆண்டுகள் பல கழித்துத் திரும்புகிறான். மனம் மாறிய தாய், தான் அறிந்த கமுக்கத்தை அவனுக்குச் சொல்கிறாள்: ஆவிகளோடு அவளுக்குப் பழக்கமுண்டு, அவற்றுள் ஒன்று சந்திரனில் இருந்து வருவது. அவள் அழைக்க, அந்த ஆவி வந்து தன் நாட்டைப் பற்றிப் பேசுகிறது.

பயணமும் நாடும் ஆவியின் வாயாற் சொல்லப்படினும், சொல்லப்படுபவை கணிதரின் சொற்களே. பயணிகள் கிரகணத்தின் நிழல் வழியே செல்கின்றனர். புறப்படும் வேகத்தின் அதிர்ச்சி உடலைச் சிதைக்காதிருக்க மயக்கமருந்து ஊட்டப்படுகிறது. உயரத்திற் காற்றில்லாமையால் நனைந்த பஞ்சு மூக்கிற் பிடிக்கப்படுகிறது. பின்னர் வருகிறது லெவானியா என்று அவர் பெயரிட்ட சந்திர நாடு. அங்குள்ளோர் பூமியை வோல்வா என்பர். சுழல்வது என்று பொருள். சந்திரன் எப்பொழுதும் ஒரே முகத்தையே பூமிக்குக் காட்டுகிறது. இந்த ஓர் உண்மையை முதலாக வைத்து ஏனையவற்றை ஒவ்வொன்றாகக் கறந்தெடுக்கிறார் கெப்ளர்.

சந்திரன் ஒரே முகத்தைக் காட்டுவதால், அங்கிருந்து பார்ப்போனுக்கு வோல்வா எழுவதுமில்லை, மறைவதுமில்லை. வானத்தில் ஆணி அடித்ததுபோல் ஓரிடத்தில் நிற்கும், தேய்ந்து வளரும், தன் மேலுள்ள கறைகளைச் சுழற்றிக் காட்டும். அக்கறைகளே அந்நாட்டாருக்கு மணிக்கூடு. நாம் காணும் நிலவைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு அகலமும் பதினைந்து மடங்கு பரப்பும் கொண்ட தட்டு அது. பகல் நம் நாள்களிற் பதினான்குக்கு மேல், இரவும் அவ்வாறே. வோல்வாவைக் காண்போர் வாழும் அரைக்கோளத்தின் பெயர் சப்வோல்வா. மற்றைய அரைக்கோளமாகிய பிரிவோல்வாவில் வாழ்வோர் அதனை ஒருபோதும் காணார். அவர்கள் இரவு, துணையொளியற்ற கொடுங்குளிர். வெயிலிலே ஒரே பகலில் வளர்ந்து மாளும் உயிர்கள். வற்றும் நீரைத் தொடர்ந்து ஓடும் உயிர்கள். குகைகளில் ஒளியும் உயிர்கள். எல்லாம் அந்த நீண்ட பகலின் பிள்ளைகள்.

சந்திரனில் காற்றும் நீரும் உண்டு என்று கெப்ளர் நம்பியது தவறு. உயிர்கள் உண்டு என்று எண்ணியதும் தவறே. ஆயின் பகலின் வெப்பம் 100 பாகை செல்சியசைக் கடப்பதும், இரவின் குளிர் உறைநிலைக்குக் கீழே 100 பாகையையும் தாண்டி இறங்குவதும் இன்று அளந்தறிந்த உண்மைகள். அவர் கண்ட பிரிவோல்வாவை மனிதர் முதலிற் படத்திற் கண்டது 1959இல், லூனா 3 என்னும் விண்கலத்தின் வாயிலாக. 1969இற் சந்திரனில் இறங்கியோர் தலைக்குமேற் கண்ட பூமி, அவர் சொல்லியவாறே எழாமலும் மறையாமலும் நின்றது. சிறிதே ஆடும் ஆட்டமொன்றைத் தவிர.

இவ்வளவு கவனமாக வானத்தை அமைத்தவர், கதையின் வாசலை அமைத்தபோது அத்துணை கவனமாக இருந்தாரல்லர். மூலிகை விற்கும் தாய், ஆவிகளை அழைக்கும் தாய், டைக்கோவிடம் கற்ற மகன்: இவற்றைப் படிக்கும் எவரும் யாரை நினைப்பர்? 1611இல் கையெழுத்துப் பிரதியொன்று பிராகை விட்டு வெளியே சென்றது. தூபிங்கன் வரை போயிற்று. அவ்வாண்டு அவருக்கு இருண்ட ஆண்டு. மனைவியார் பார்பரா இறந்தார்; அருமை மகன் பிரெடெரிக் அம்மையில் மாண்டான்; ஆதரித்த பேரரசர் முடியிழந்தார். கெப்ளர் 1612இல் லின்ஸ் நகருக்குப் பெயர்ந்தார்.

1615இல் அன்னையாரின் ஊரில் ஒரு பெண், கத்தரீனா கொடுத்த பானத்தாற் தனக்கு நோய் கண்டது என்று குற்றஞ்சாட்டினாள். சூனியக்காரி என்னும் சொல் அக்காலத்திற் கொலைத் தண்டனைக்கு ஒப்பான சொல். ஒரு வாய் சொன்னதைப் பல வாய்கள் தொடர்ந்தன. 1620 ஓகஸ்ற் 7ஆந் திகதி இரவு, மகளின் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த எழுபது வயது கடந்த மூதாட்டியை ஒரு பெட்டியுள் வைத்துத் தூக்கிச் சென்றனர். பின்னர் சங்கிலியாற் பிணித்தனர். பதினான்கு மாதம் அச்சிறை நீடித்தது.

கெப்ளர் தம் பணியை விட்டுத் தாயிடம் ஓடினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, கோள்களின் தூரத்தையும் சுற்றுக்காலத்தையும் இணைக்கும் மூன்றாம் விதியை அவர் கண்டிருந்தார். அதே அறிவைக்கொண்டு சாட்சிகளின் சொற்களைத் துருவினார். யார், எப்போது, எங்கே நின்று கண்டது? நோய்க்கு வேறு இயற்கைக் காரணம் உண்டா? பக்கம் பக்கமாக மறுப்பு எழுதினார். 1621 செப்டெம்பரில், சித்திரவதைக் கருவிகளைக் காட்டி அச்சுறுத்துமாறு தீர்ப்பாயிற்று. அவற்றின் முன் நின்றும் அன்னையார் பொய்யாக ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒக்ரோபரில் விடுதலை கிடைத்தது. ஆறு மாதம் கழித்து, 1622 ஏப்பிரலில், உயிர் நீத்தார்.

தாம் எழுதிய கனவே அவ்வூர் வாய்களுக்கு அவலாயிற்று என்று கெப்ளர் நம்பினார். அதனை எழுதியும் வைத்தார். வழக்கின் வேர் அயலாரின் பகையிலும் அதிகாரிகளின் காழ்ப்பிலுமே இருந்தது என்பதே ஆராய்ந்தோர் பலர் முடிவு. அம்முடிவையே நானும் ஏற்கிறேன். எனினும் மகனின் நெஞ்சிற் தைத்த முள்ளை ஆராய்ச்சியாளர் பிடுங்கிவிட முடியாது. வால்வெள்ளியைக் காட்டிய கையிலே சங்கிலி விழுந்ததற்குத் தன் பேனாவும் ஒரு காரணமோ என்று ஐயுறும் மகனின் நிலையை எண்ணிப் பாருங்கள். இன்னுமொன்று: கதையில் டுராக்கோட்டஸ், தாய் இறந்தபின்னரே தனக்கு எழுதும் சுதந்திரம் வந்தது என்று சொல்கிறான். 1609இல் விளையாட்டாக எழுதிய அவ்வரி 1622இல் எப்படிச் சுட்டிருக்கும்!

மற்றொருவராயின் அந்நூலை எரித்திருப்பார். அல்லது தாயின் பகுதியை அழித்திருப்பார். கெப்ளர் இரண்டையும் செய்யவில்லை. அடிக்குறிப்புகள் எழுதத் தொடங்கினார். அடுத்துவந்த ஆண்டுகளில் அவை 223 ஆகப் பெருகின; மூலக்கதையிலும் பன்மடங்கு நீண்டன. வோல்வாவின் அகலம் எப்படிப் பெறப்பட்டது, பயணத்திற் குளிர் ஏன், நீர் ஏன் ஒரு பக்கம் ஈர்க்கப்படும் என்று ஒவ்வொரு கூற்றுக்கும் காரணங் காட்டினார். பியோல்க்ஷில்டாவுக்கும் குறிப்பு உண்டு: ஏடறியா அனுபவமே தாய், அதன் வயிற்றிற் பிறந்த விஞ்ஞானமே மகன் என்று உருவகத்தை விரித்துரைத்தார். ஆவி என்று சொன்னது அறிவையே என்றும் விளக்கினார். அக்குறிப்புகள் என் கண்ணுக்கு வானியல் உரையாக மாத்திரம் தோன்றவில்லை. நீதிமன்றத்தில் முடிந்த வழக்கை ஒரு மகன் மீண்டும் எடுத்து, வரிக்கு வரி வாதாடுவதாகவே தோன்றுகின்றன.

அச்சுவேலை தொடங்கியபோதும் காலம் இடந்தரவில்லை. பல்லாண்டாகத் தேங்கிய சம்பள நிலுவையைத் தேடி ரெகன்ஸ்பேர்க் நகருக்குக் குதிரையிற் சென்ற கெப்ளர், அங்கே காய்ச்சலுற்று 1630 நவம்பர் 15ஆந் திகதி காலமானார். அவர் கல்லறை முப்பதாண்டுப் போரில் இருந்த இடந்தெரியாமல் அழிந்தது. அச்சைத் தொடர்ந்த மருமகனும் 1633இல் இறந்தார். மகன் லுட்விக் 1634இல் நூலை வெளியிட்டார்.

இனி என் மாணவனின் கதைக்கு வருகிறேன். பூமிக்கு நிகரான இரண்டு கோள்கள் சந்திரனின் தூரமாகிய 3,84,400 கிலோமீற்றரில் நின்றால், கெப்ளரின் மூன்றாம் விதியை நியூட்டன் விரித்தவாறு கணிக்க, சுற்றுக்காலம் 19 நாளுக்குச் சற்று மேல். அவன் விரும்பியபடி பதினைந்து நிலவகலம் தோன்ற வேண்டுமாயின், இடைத்தூரம் ஏறக்குறைய 96,000 கிலோமீற்றராதல் வேண்டும். அப்போது சுற்றுக்காலம் 2.4 நாள். தூரத்தை எழுத்தாளன் தெரிந்தெடுக்கலாம். தெரிந்தெடுத்தபின் காலத்தை விதியே தெரிந்தெடுக்கும். அத்தகைய நெருக்கத்தில் வற்றுப்பெருக்கின் இழுப்பு இரண்டின் சுழற்சியையும் தளர்த்தி, நெடுங்காலத்தின் முன்னரே இரண்டையும் முகத்துக்கு முகம் பூட்டியிருக்கும். புளூட்டோவும் அதன் துணையாகிய சாரோனும் அவ்வாறே பூட்டுண்டு 6.4 நாளுக்கொருமுறை சுற்றுகின்றன. அவற்றின் பொதுமையம் இரண்டுக்கும் வெளியே கிடக்கிறது. ஆகவே மாலைதோறும் எழும் உலகம் அவன் கதையில் இருக்க இயலாது. அது நிலையாக நிற்கும். நேர்கீழே வாழ்வோருக்கு, இரண்டரை நாளளவான ஒவ்வொரு பகலிரவிலும், நண்பகலிற் சூரியன் ஒரு மணிக்கு மேலாக அதன் பின்னே மறையவுங் கூடும். மறுபுறத்தில் வாழ்வோர் அதனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம், கண்டிருக்க மாட்டார்.

அவனை அழைத்து, கரும்பலகையில் இக்கணக்கைச் செய்து காட்டினேன். வழங்கிய புள்ளிகள் என் தவறு என்பதையும் சொன்னேன். முகம் வாடினான். மறுவாரம் கதை மாறி வந்தது. இப்போது காத்திருப்போர் இல்லை. மறுபுறத்திற் பிறந்த ஒருத்தி, வழிநெடுக நடந்து, நிலத்தின் விளிம்பிலே மற்றைய உலகின் ஒளிவிளிம்பை முதன்முறை காண்கிறாள். தன் ஊரார் பொய்யென்று சொன்ன ஒன்று அவள் கண்முன்னே நிற்கிறது. விதி அவன் கற்பனையைச் சுருக்கவில்லை. அவன் தானாகக் கண்டிராத கதையை அதுவே அவனுக்குக் கொடுத்தது.

அக்கதையின் தாய் ஒருத்தியைப் பற்றி மாத்திரம் அவனிடம் ஒரு கேள்வி கேட்டேன்: இவளை நம் ஊரில் யாரேனும் தன்னையென்று எண்ணிக்கொள்வார்களா? அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, அப்பக்கத்தை மீண்டும் எழுதி வருவதாகச் சொன்னான். இரண்டாம் முறை புள்ளியிடுமுன் நானும் சிறிது நேரம் யோசித்தேன்.